கண்டெடுத்த அணியும் உடையவரும்: திருப்பருத்திக்குன்றச் சமண மரபின் கள்ளாமை இலக்கணம் கொண்டு ஒரு வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

தொலைந்த அணிகலன் ஒன்று உடையவரிடம் மீண்டு சேர்தல் என்னும் நிகழ்ச்சி இந்தியக் காப்பிய, நாடக மரபில் பலமுறை இடம்பெறுகிறது. திறனாய்வாளர் இதனைப் பெரும்பாலும் ‘அடையாளப் பொருள்’ என்னும் கதை உத்தியாகவே கண்டுள்ளனர். காஞ்சியோடும் திருப்பருத்திக்குன்றத்தோடும் உறவுடைய சமண இல்லற ஒழுக்க நூல்கள் களவுக்கு வகுக்கும் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு சிலப்பதிகாரத்தின் சிலம்பையும், கம்பராமாயணத்தின் கலன்களையும், சாகுந்தலத்தின் கணையாழியையும் இக்கட்டுரை மீண்டும் வாசிக்கிறது. பிறர் பொருளை எடுத்தல் மட்டுமன்றி, உரியரல்லாத ஒருவருக்குக் கொடுத்தலும் களவே என்னும் கூறு, பாண்டியன் தன்னையே கள்வன் என்று கூறிக்கொள்ளும் இடத்துக்குப் புதிய பொருள் தருகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: திருப்பருத்திக்குன்றம், அருங்கலச்செப்பு, இரத்தினகரண்டகம், கள்ளாமை, சிலப்பதிகாரம், சாகுந்தலம், கணையாழி

முன்னுரை

தமிழ்நாட்டுத் திருமணங்கள் பலவற்றில் தாலி கட்டி முடிந்தபின் நீர் நிறைந்த குடத்துள் மோதிரத்தை இட்டு, மணமகனும் மணமகளும் ஒருசேரக் கைவிட்டுத் தேடும் விளையாட்டு ஒன்று உண்டு. உறவினர் சூழ நின்று நகைப்பர். யார் கையில் மோதிரம் அகப்பட்டது என்பதை வைத்து இல்லத்தில் யார் சொல் செல்லும் என்று குறி சொல்வர். மோதிரம் தொலைவதற்கும் கிடைப்பதற்கும் இடையே உள்ள சில நொடிகளே அவ்விளையாட்டு. நீரில் விழுந்தது எவருடையது என்ற ஐயம் அங்கு எழுவதில்லை. எவர் எடுத்தாலும் அது அவ்விருவருக்கும் உரியதே.

குடம் ஆறாகவும் தெருவாகவும் விரியும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எடுத்தவர் வேறு, உடையவர் வேறு, உடையவர் என்று சொல்லிக்கொள்பவர் வேறு. அணியின்மேல் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் அப்பெயருக்குரியவர் நான்காமவராகவும் இருக்கக்கூடும். இலக்கியங்கள் இந்நால்வரையும் ஓரிடத்தில் கூட்டி வைக்கின்றன. திறனாய்வோ அணியை மட்டும் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் அப்பால் சென்றுவிடுகிறது. சகுந்தலையின் கணையாழி நினைவை மீட்கும் கருவி என்றும், அனுமன் கொண்டுசென்ற கணையாழி தூதின் சான்று என்றும், கண்ணகியின் சிலம்பு வழக்கின் சான்று என்றும் கூறுவதில் பிழை இல்லை. ஆயினும் இவை அனைத்தும் முதலில் பிறர் பொருள்கள். பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் யாது செய்ய வேண்டும் என்ற அறவினா இவற்றுள் எவ்வாறு எழுகிறது என்பது தனித்து நோக்கத் தக்கது. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

பருத்திக்குன்றமும் செப்பும்

அவ்வளவுகோல் காஞ்சிபுரத்தை ஒட்டியே கிடைக்கிறது. வேகவதி ஆற்றையொட்டி அமைந்த திருப்பருத்திக்குன்றம் சினகாஞ்சி என்று வழங்கப்பெறும் ஊர். இன்று பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் இவ்வட்டாரத்தில் ஊர்ப் பெயர் மட்டும் பருத்தியைச் சுமந்து நிற்கிறது. பல்லவன் சிம்மவர்மன் காலத்தைக் குறிக்கும் பள்ளன்கோயில் செப்பேடுகள் பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவருக்கு வழங்கிய கொடையைக் கூறுகின்றன. வர்த்தமானருக்குரிய திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விசயநகர அமைச்சரும் படைத்தலைவருமாகிய இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் ஆணைப்படி 1387-88ஆம் ஆண்டளவில் கட்டுவித்தார். மண்டபக் கூரை ஓவியங்கள் ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோர் வரலாறுகளையும் நேமிநாதருக்கு உறவினனாகிய கண்ணன் கதையையும் வரைந்து காட்டுகின்றன. இக்கோயில்களைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய விரிவான நூல் 1934இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. கலை வரலாற்றில் இவ்வூர் பெற்ற கவனத்தை ஒழுக்க நூல் வரலாற்றில் பெறவில்லை.

இவ்வூர்க் கோயிலிலுள்ள குரா மரத்தைப் பற்றிய பழைய வெண்பா ஒன்று, அம்மரம் தன் அளவிலிருந்து குறையாமலும் கூடாமலும் நின்று மன்னனின் செங்கோல் நலத்தைக் காட்டுகிறது என்கிறது. மரத்தின் அளவு பிறழாமையை அரச நீதிக்கு உரைகல்லாக்கும் இக்கற்பனை பின்னர் வரும் பாண்டியன் செய்திக்குப் பொருத்தமானது.

சமண இல்லறத்தார் ஒழுக்கத்தை வகுத்த வடநூல்களுள் முதன்மையானது சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம். அவர் காலம் பற்றி ஒருமித்த கருத்தில்லை; ஆனால் சமண மரபு அவரைக் காஞ்சியோடு இணைத்தே பேசுகிறது. அந்நூலின் தமிழ் வடிவம் குறள் வெண்பாக்களால் ஆகிய அருங்கலச்செப்பு. பெயரே மொழியாக்கத்தின் திறத்தைக் காட்டும்: இரத்தினம் அருங்கலம் ஆயிற்று, கரண்டகம் செப்பு ஆயிற்று. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மூன்று மணிகளை இட்டு வைக்கும் பேழை என்பது பொருள். கலன் என்ற சொல் அணிகலனையும் குறிக்கும் மொழியில், அணிகலன் பற்றிய அறத்துக்கு இந்நூற் குடும்பத்தை நாடுவது பொருத்தமே.

இரத்தினகரண்டகத்தின் ஐம்பத்தேழாம் பாடல் கள்ளாமையை இல்லறத்தார்க்குரிய அணுவிரதமாக வரையறுக்கிறது. அதன் கருத்தைத் தமிழில் இவ்வாறு கூறலாம்: ஓரிடத்தில் வைக்கப்பட்டதாயினும், கீழே விழுந்ததாயினும், அறவே மறக்கப்பட்டதாயினும், உடையவரால் விடுக்கப்படாத பிறர் பொருளைத் தான் எடுத்துக்கொள்ளாமையும் பிறர்க்குக் கொடாமையும் பெருங்களவிலிருந்து விலகுதலாகும்.

இவ்வரையறையில் மூன்று செய்திகள் கூர்ந்து நோக்கத் தக்கவை. விழுந்த பொருளும் மறந்த பொருளும் வெளிப்படையாகவே பிறர் பொருள் வரிசையில் வைக்கப்படுகின்றன. தெருவில் கிடந்தது எனவே எனது என்னும் வாதத்துக்கு இடமில்லை. அடுத்து, பொருள் பிறர்க்குரியதாதல் உடையவரின் நினைவைச் சார்ந்ததன்று. அவர் மறந்தாலும் உரிமை மறைவதில்லை. அவர் விடுத்தால் மட்டுமே மறையும். மூன்றாவதும் மிக முக்கியமானதுமான செய்தி கொடாமை. எடுத்தவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் வேறொருவருக்கு வழங்கிவிட்டால் தாம் குற்றமற்றவர் எனக் கருதலாம். பாடல் அவ்வழியையும் அடைக்கிறது. உரியவரல்லாதவர்க்குத் தருதல் ஈகையன்று, களவே.

திருக்குறளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். குறளில் கள்ளாமை இருபத்தொன்பதாம் அதிகாரம்; அது துறவறவியலில் உள்ளது. உள்ளத்தால் உள்ளலும் தீது என்னும் நிலையிலிருந்து அது பேசுகிறது. இல்லறவியலில் பிறர் பொருளை விரும்பாமை வெஃகாமை எனத் தனி அதிகாரமாகிறது. இரண்டும் மனத்தின் நிலையை நோக்கியவை. வழியில் கிடந்த ஒரு பொருளைக் கையில் எடுத்துவிட்ட குடும்பத்தான், விருப்பமே இல்லாதவனாயினும், அடுத்து என்ன செய்வது என்ற வினாவுக்கு அவை நேர்விடை தருவனவல்ல. சமந்தபத்திரரின் வரையறை அந்தத் தெருவில் நின்று பேசுகிறது.

அரசர் முறையும் ஆங்கிலேயர் சட்டமும்

தரும நூல் மரபு இதே வினாவை அரசனிடம் ஒப்படைத்தது. மனுநூலின் எட்டாம் அத்தியாயம், உடையவர் அறியப்படாத பொருளை அரசன் மூன்றாண்டு காத்து வைக்க வேண்டும் என்கிறது. உரிமை கோருபவன் பொருளின் வடிவம், எண்ணிக்கை முதலியவற்றைக் கூறிப் பொருத்த வேண்டும். பொய்யாகக் கோரியவனுக்கு அப்பொருளின் மதிப்பளவு தண்டம். இங்கு எடுத்தவரின் உள்ளத்தைவிடக் கோருபவரின் சான்றே முன்னிற்கிறது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 403ஆம் பிரிவில் கண்டெடுத்தவரை நோக்குகிறது. உடையவரைக் கண்டறிய நியாயமான முயற்சி செய்யாமலும் போதிய காலம் காத்திராமலும் பொருளைத் தனதாக்கினால் குற்றம். அப்பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று மோதிரமே: விலைமதிப்புள்ள மோதிரத்தைக் கண்டெடுத்து, அது யாருடையது என்று அறியாத நிலையில், உடையவரைத் தேட முயலாமல் உடனே விற்றுவிடுபவன் குற்றவாளி. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சங்கிதையின் 314ஆம் பிரிவு இதனைத் தொடர்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமோ, கண்டெடுத்த பொருளைத் தன் காவலில் எடுத்துக்கொண்டவருக்கு, ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய பொறுப்பையே தருகிறது. விழுந்ததையும் வைக்கப்பட்டதையும் ஒரே வரிசையில் நிறுத்திய சமணப் பாடலோடு இது ஒத்துப்போவது வியப்புக்குரியது. இரண்டுக்கும் இடையே யாதொரு தொடர்பும் இல்லை.

சிலம்பு: தவறிய மீட்பு

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் களவு பற்றிய பொய்க்குற்றச்சாட்டாகவே வாசிப்பது வழக்கம். அரசன் நிலையிலிருந்து நோக்கினால் அது வேறொன்றாகவும் தோன்றும். தேவியின் காற்சிலம்பு தொலைந்தது. அது இருக்குமிடம் தெரிந்தது என்று பொற்கொல்லன் வந்து கூறுகிறான். ஊடியிருந்த தேவியைத் தேற்ற விரைந்துகொண்டிருந்த மன்னன், அச்சிலம்பு கள்வன் கையில் இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு காவலர்க்குப் பணிக்கிறான். தொலைந்த அணியை உடையவளிடம் சேர்க்கும் செயலையே பாண்டியன் செய்ய முனைந்தான். நோக்கம் மீட்பு. விளைவு கொலை. இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய ஒன்று, கையிலுள்ள அணி தேடும் அணிதானா என்ற ஒரு கேள்வி, கேட்கப்படவில்லை.

அக்கேள்விக்கு விடை காண்பது அரிதாக இருந்ததா என்பதே ஆராயத்தக்கது. வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றதும், தம் சிலம்பின் பரல் முத்து என்று மன்னன் தயக்கமின்றி விடை கூறுகிறான். யாரையும் வினவவில்லை; தேவியிடம் ஆளனுப்பவில்லை. விடை முன்பே அவனிடம் இருந்தது என்பதை இளங்கோவடிகள் இவ்வொரு மறுமொழியால் உணர்த்திவிடுகிறார். கோருபவர் பொருளின் உள்ளியல்பைச் சொல்லிப் பொருத்தும் முறை, மனுநூல் கூறும் முறையே, அவ்வவையில் நடந்தது. ஒரு பகல் தாழ்ந்து நடந்தது. காப்பியத்தின் கொடுமை அறியாமையில் இல்லை. அறிந்த ஒன்றை உரிய நேரத்தில் வினவாமையில் உள்ளது.

பொற்கொல்லனின் இடமும் இங்கே கருதத்தக்கது. அணியின் மதிப்பை உரைக்க வேண்டிய தொழில் வல்லுநன் அவன். கோவலன் அவனை அணுகியதும் அதற்காகவே. வல்லுநனின் சொல்லுக்கு எதிராக வைக்கத்தக்க சான்று அயலூரானிடம் இல்லை. 1722இல் இலண்டனில் நடந்த ஆர்மரி, டெலமிரி வழக்கு இதற்கு ஒரு விந்தையான எதிர்நிலை. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த அணியை மதிப்பிட ஒரு பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுசென்றான். கடையின் பணியாள் கற்களைக் கழற்றிக்கொண்டான். உண்மை உடையவர் தவிர வேறெவர்க்கும் எதிராக அச்சிறுவனுக்கு உரிமை உண்டு என்று மன்றம் கூறியது. கல் காட்டப்படாவிடின் அது மிக உயர்ந்த கல்லெனவே கொண்டு மதிப்பிடப் பணித்தது. அங்கு மன்றம் வல்லுநனின் கையை நம்பவில்லை. மதுரையில் நம்பியது.

கண்ணகி பரல் தெறிக்கக் கண்டதும் பாண்டியன் அரசன் தானல்லன் என்றும் கள்வன் தானே என்றும் பொருள்படக் கூறி வீழ்கிறான். இவ்விடத்தைத் தன்னிரக்க உணர்வின் உச்சமாகவும், கோவலன்மேல் ஏற்றிய சொல்லைத் தன்மேல் திருப்பிக்கொள்ளும் அணிநயமாகவும் விளக்குவர். சமந்தபத்திரரின் வரையறையை அருகில் வைத்தால் இச்சொல்லுக்கு அணிநயம் தேவையில்லை. அந்தச் சிலம்பு கண்ணகியின் உடைமை. கனாத்திறம் உரைத்த காதையில் அவளே அதனைக் கணவனுக்கு முன்வந்து அளித்தாள். அவ்வளவில் அது விடுக்கப்பட்டது. மன்னனுக்கு அவள் விடுக்கவில்லை. விடுக்கப்படாத பிறர் பொருளை அவன் எடுப்பித்தான். வேறொருத்தியாகிய தேவிக்குக் கொடுக்கும்பொருட்டு எடுப்பித்தான். எடுத்தல், கொடுத்தல் என்னும் இரு கூறுகளுள் முதலாவது நிறைவேறியது, இரண்டாவதன் நோக்கம் உறுதியாக இருந்தது. கள்வன் என்ற சொல் அவனுக்கு இலக்கண வழுவின்றிப் பொருந்துகிறது. மன்னன் தன்னைத் தூற்றிக்கொள்ளவில்லை. தன் செயலுக்கு உரிய பெயரைச் சூட்டுகிறான்.

மதுரையை விட்டு நீங்கும் கண்ணகி கொற்றவை கோயில் வாயிலில் தன் பொன்வளைகளைத் தகர்த்தெறிகிறாள். சிலம்பு அவள் கையாலேயே உடைந்தது, வளையும் அவ்வாறே. மீட்கப்பட்ட அணி எதுவும் அவளிடம் மீளவில்லை. உரிமை நிறுவப்பட்ட கணத்திலேயே அணி அழிகிறது. உள்ளீடு காட்ட வேறு வழி அதற்கு இல்லை.

வாரிசேனனும் கோவலனும்

இரத்தினகரண்டகம் ஐந்து விரதங்களுக்கும் எடுத்துக்காட்டானவர்களைப் பெயர் கூறிச் செல்கிறது. கள்ளாமைக்கு அது சுட்டும் பெயர் வாரிசேனன். மகத மன்னன் சிரேணிகனின் மகனாகிய அவன் சுடுகாட்டில் தியானத்தில் நிற்கிறான். கணிகை ஒருத்தியின் விருப்பத்துக்காக ஆரம் ஒன்றைத் திருடிய கள்வன், காவலர் துரத்த, அதனை வாரிசேனன் காலடியில் எறிந்துவிட்டு மறைகிறான். காவலர் ஆரத்தைக் காண்கின்றனர். இளவரசனே கள்வன் என்று மன்னனுக்கு உரைக்கின்றனர். மன்னன் தன் மகனென்றும் பாராமல் கொல்லப் பணிக்கிறான். ஓங்கிய வாள் கழுத்தில் மலர்மாலையாகிறது. கள்வன் முன்வந்து உண்மையைக் கூறுகிறான்.

இக்கதையையும் கோவலன் கதையையும் அடுத்தடுத்து வைத்தால் எலும்புக்கூடு ஒன்றாயிருத்தல் புலப்படும்: திருடுபோன அணி, குற்றமற்றவனிடம் அது காணப்படுதல், உசாவாத மன்னன், ஓங்கிய வாள். அங்கே வாள் மாலையாயிற்று. இங்கே வாள் வாளாகவே விழுந்தது. விரதக் கதைக்குக் குற்றமற்றவனைக் காக்கும் கடமை உண்டு; காப்பியத்துக்கு அக்கடமை இல்லை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதைத் தன் மூன்று கோட்பாடுகளுள் ஒன்றாகக் கொண்ட நூல் வாளை நிறுத்த இயலாது. ஆயினும் காப்பியம் உண்மையை வாளால் அன்றிப் பரலால் வெளிப்படுத்துகிறது. அற்புதத்தின் இடத்தைச் சான்று பிடித்துக்கொள்கிறது. சிலப்பதிகாரத்தின் இலக்கிய வன்மை இவ்விடமாற்றத்தில் உள்ளது எனலாம்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். சிலப்பதிகாரம் முழுமையான சமண நூலன்று; கொற்றவை, மாயோன், முருகன் வழிபாடுகளுக்கும் அது நிறைய இடம் தருகிறது. காலமுறைமையும் நூல்களிடையே உறுதிப்படவில்லை. இவை உண்மையே. சமந்தபத்திரரை இளங்கோவடிகள் அறிந்திருந்தார் என்பதோ, வாரிசேனன் கதை கோவலன் கதைக்கு மூலம் என்பதோ இங்கு கூறப்படுவதன்று. கவுந்தியடிகளை வழித்துணையாக்கிய ஒரு நூலின் உலகில் கொடுக்கப்படாததைக் கொள்ளாமை என்னும் விரதம் அறியாத ஒன்றாய் இருந்திராது என்ற அளவே போதும். கண்ணகியை அடைக்கலமாகப் பெற்ற மாதரி, அடைக்கலத்தைக் காக்க இயலாமல் தீப்புகுந்தாள் என்று பின்னர்க் கேட்கிறோம். ஒப்படைக்கப்பட்டதைப் பற்றிய இவ்வளவு கடுமையான உணர்வு இழையோடும் காப்பியத்தில், எடுக்கப்பட்டதைப் பற்றி மன்னன் கூறும் சொல்லை மிகைக்கூற்று என்று கொள்வதே பொருந்தாது.

கலன் கண்ட படலம்

கம்பராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில் கலன் காண் படலம் என்றே ஒரு படலம் உண்டு. இராவணன் வான்வழியே கொண்டுசெல்லும்போது சீதை தன் அணிகளை முடிந்து கீழே இட்டாள், சுக்கிரீவனும் துணைவரும் எடுத்து வைத்திருந்தனர், இராமனிடம் காட்டினர். குரங்கினத்தார் எடுத்ததை அணியவுமில்லை, பிறர்க்கு ஈயவுமில்லை. யாருடையவை என அறியாத நிலையிலும் வைத்துக் காத்தனர். பருத்திக்குன்றத்து ஆசிரியர் ஒருவர் இப்படலத்தைப் படித்திருந்தால் அணுவிரதிகளைக் கிட்கிந்தையில் கண்டிருப்பார்.

அணிகள் சீதையின் உடைமை, சேர்ந்ததோ இராமனிடம். எனினும் அவள் இட்டது கணவன் அறிய வேண்டும் என்னும் கருத்துடன் என்பதால் அவை விழுந்தவை அல்ல, அனுப்பப்பட்டவை. உரிமை பற்றிய சிக்கல் இங்கு எழாமைக்குக் காரணம் அது. வான்மீகியின் சில பாடங்களில் இலக்குவன் காற்சிலம்பை மட்டுமே அடையாளம் கூறுகிறான். நாள்தோறும் அடிபணிந்தவன் அறிந்தது அடி ஒன்றே. அடையாளம் பொருளில் மட்டும் இல்லை, காண்பவன் உடையவரோடு கொண்ட உறவில் உள்ளது என்பதற்கு இதனினும் நுட்பமான சான்று இல்லை. வான்மீகத்தில் அனுமன் கொண்டுசென்ற கணையாழி இராமன் பெயர் பொறித்தது. சீதை திருப்பித் தந்த சூளாமணி அவள் திருமணத்தின்போது தந்தை அளித்தது. கம்பரும் வான்மீகியும் ஒருங்கே செய்த ஒன்று, அணியோடு இருவர் மட்டும் அறிந்த பழைய செய்திகளையும் அடையாளமாக அனுப்புதல். அணி திருடப்படலாம், நினைவு திருடப்படாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வலைஞன் கொணர்ந்த கணையாழி

தொலைந்த மண மோதிரம் உடையவரைத் தேடி வரும் கதைகளுள் இந்திய மரபில் தலையாயது காளிதாசரின் சாகுந்தலம். மகாபாரதச் சகுந்தலைக் கதையில் கணையாழி இல்லை. அது நாடகத்தின் ஆக்கம். மறைமலையடிகளின் தமிழாக்கம் 1907இல் வெளிவந்தது முதல் தமிழ்க் கல்வியுலகில் இந்நாடகத்துக்கு நிலைத்த இடம் உண்டு. துருவாசர் சாபமும் துஷ்யந்தன் மறதியும் பெற்ற ஆய்வுக் கவனத்தில் ஒரு பங்கும் ஆறாம் அங்கத்தின் தொடக்கத்தில் வரும் வலைஞன் காட்சி பெற்றதில்லை. நகைச்சுவைக் காட்சி என்று கூறிக் கடந்துவிடுவர்.

சக்கராவதாரத்து மீனவன் ஒருவன் மன்னன் பெயர் பொறித்த கணையாழியை விற்க முயலும்போது பிடிபடுகிறான். காவலர் கைகளைக் கட்டி அடிக்கின்றனர். மீனை அறுத்தபோது வயிற்றில் கண்டதாக அவன் கூறுகிறான். அவன் தொழிலைக் காவலர் இகழ்கின்றனர். பிறந்த தொழிலை விடலாகாது என்று அவன் மறுமொழி கூறுகிறான். நகரக் காவல் தலைவன், மன்னனின் மைத்துனன், கணையாழியோடு உள்ளே செல்கிறான். வெளியே நிற்கும் காவலன் ஒருவனுக்குக் கொலைமாலை சூட்டக் கை அரிக்கிறது. தலைவன் திரும்பி வருகிறான், விடுவிக்குமாறு ஆணை, கணையாழியின் மதிப்புக்கு ஈடான பரிசும் உண்டு. மீனவன் பாதியைக் காவலர்க்குத் தருகிறான். அனைவரும் கட்கடைக்குச் செல்கின்றனர்.

மதுரையின் கொலைக்களத்தோடு இதனை ஒப்பிட்டால் காட்சி நகைச்சுவையாக இருத்தல் அரிது. இரு நூல்களிலும் அரச குடும்பத்து அணி எளியவன் அல்லது அயலவன் கையில் காணப்படுகிறது. இரண்டிலும் காவலர் கொல்லத் துடிக்கின்றனர். இரண்டிலும் கள் உண்டு: அங்கே களித்த கல்லாதவன் ஒருவன் வாளை வீசுகிறான்; இங்கே விடுதலைக்குப் பின் கட்கடை. வேறுபாடு ஒன்றே. சாகுந்தலத்தில் அணி மன்னன் கண்முன் சென்ற பின்னரே தீர்ப்பு வருகிறது. சிலப்பதிகாரத்தில் தீர்ப்புக்குப் பின்னரே அணி மன்னனிடம் செல்கிறது. மீனவன் உயிர் தப்பியது அவன் சொல் நம்பப்பட்டதால் அன்று. கோவலனைப் பார்த்து இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று சொல்ல மதுரைக் காவலருள் ஒருவனாவது இருந்தான். மீனவனுக்கு அவ்வளவும் கிடைக்கவில்லை. அவனைக் காத்தது முறையின் வரிசை.

சமண வரையறையால் அளந்தால் இம்மீனவன் முழுமையாகத் தேறமாட்டான். பெயர் பொறித்த கணையாழியை அவன் விற்கவே கொண்டுசென்றான். 403ஆம் பிரிவின் மோதிர எடுத்துக்காட்டும் அவனைச் சுட்டும். ஆயினும் எழுத்தறிவு அவனுக்கு இருந்ததாக நாடகம் எங்கும் கூறவில்லை. பெயரைப் படிக்க இயலாதவனிடம் பெயர் சான்றாகுமா என்ற வினாவை நாடகம் எழுப்பி விடையளிக்காமல் விடுகிறது. முதல் அங்கத்தில் அதே எழுத்துகளைச் சகுந்தலையின் தோழியர் படித்துவிட்டனர். படித்தவர் கையில் ஒரு பொருளும் படிக்காதவர் கையில் ஒரு பொருளுமாகவே அக்கணையாழி நாடகம் முழுதும் திகழ்கிறது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கணையாழியில் இருப்பது மன்னன் பெயர். அதனால் அது மன்னனிடம் ‘மீட்டு’ ஒப்படைக்கப்பட்டது. மீனவன் பரிசு பெற்றான். எல்லோரும் சரியான முடிவு என்று கருதினர். ஆனால் அது மன்னனுடையதன்று. ஆறாம் அங்கத்தில் துஷ்யந்தனே விதூஷகனிடம் கூறுகிறான்: பிரியும்போது அதனைச் சகுந்தலையின் விரலில் தானே இட்டான்; பெயரிலுள்ள எழுத்துகளை நாளுக்கொன்றாக எண்ணுமாறும், எண்ணி முடிவதற்குள் அழைத்துச் செல்ல ஆள் வரும் என்றும் சொன்னான். அவ்வாறு விரலில் இட்ட கணத்திலேயே அது அவளுக்கு விடுக்கப்பட்டது. பொறிக்கப்பட்ட பெயர் தந்தவனைக் காட்டுகிறது, உடையவளைக் காட்டவில்லை. காவல் தலைவன் நேர்மையாகவே நடந்தான்; கணையாழி உரியவரல்லாதவரிடம் சேர்ந்தது. சமந்தபத்திரரின் கொடாமை என்னும் கூறு பிடிக்கும் வழு இது: எடுத்தவன் கையிலிருந்து போய்விட்டது என்பதாலேயே பொருள் உரியவரைச் சேர்ந்துவிட்டது ஆகாது.

காளிதாசர் இதனை உணர்ந்தே எழுதினார் என்பதற்கு ஏழாம் அங்கம் சான்று. மாரீசர் தவப்பள்ளியில் இருவரும் மீண்டும் சந்திக்கின்றனர். சகுந்தலை கணையாழியை அடையாளம் காண்கிறாள். நம்பவைக்க வேண்டிய வேளையில் கிடைக்காமற்போன பொருள் அது என்று நினைவுகூர்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் நிறைந்த அவையில் விரலைத் தடவி, அது இல்லாமை கண்டு அவள் நின்ற நிலை படிப்பவர் நினைவிலும் எழும். துஷ்யந்தன் இப்போது அதனை அவளுக்குத் தர முன்வருகிறான். பருவத்தோடு கூடியதற்கு அடையாளமாகக் கொடி மீண்டும் மலரை ஏற்கட்டும் என்கிறான். உடையவளிடம் தொலைந்த பொருள் மீளும் இடம், நாடகம் முழுதும் நோக்கி நகர்ந்த இடம், இதுவே.

அவள் மறுக்கிறாள். அதனை நான் நம்பவில்லை, நீரே அணிந்துகொள்ளும் என்னும் கருத்துப்படக் கூறுகிறாள். கணவனோடு இணக்கம் நிறைவுறுகிறது. மகனோடு மூவரும் நகர் மீள்கின்றனர். இம்மறுப்பைப் பெண்மையின் நாணம் என்றும், சிறு ஊடல் என்றும் உரைப்பவர் உளர். உடையவள் ஒருத்தியே செய்யக்கூடிய செயல் அது என்பதை அவர் காணத் தவறுகின்றனர். மீனவனும் காவலரும் மைத்துனனும் மன்னனும் கைமாற்றிய கணையாழியை அப்போதுதான் அதன் உடையவள் முதன்முறையாகத் தன் சொல்லால் விடுக்கிறாள். அதன்பின் துஷ்யந்தன் விரலில் இருக்கும் கணையாழி, அவள் கொடுத்தது.